மூடி

முதுநகரில் பேப்பர் மாற்றிக்கொண்டோம்.
மரைக்காயர் சாவியைக் கேட்கவில்லை.
வளையத்திலிருந்து நானே கழற்றும்வரை
டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

கூரை இல்லாததற்குக் கூடுதல் பணமா
என்று போனில் அருளானந்து.

பதினோரு வருடம், சாம்பல் நிறக் கூப்பே.
கிருமாம்பாக்கம் நேர்ச்சாலையில்
மூன்றாம் கியரில் அதற்குத் தொண்டை கட்டும்,
அதைக் கேட்கவே சில ராத்திரி கிளம்பியிருக்கிறேன்.
பின்சீட்டில் யாரும் உட்கார்ந்ததில்லை,
ஒரே ஒரு முறை
பண்ருட்டிப் பலாப்பழம்.
பாலங்களில் கூரையை இரண்டு தட்டு தட்டுவேன்,
ஏன் என்று கேட்டால் தெரியாது.

திரும்பிப் பார்க்கமாட்டேன் என்றிருந்தேன்.
புது வண்டியின் கண்ணாடிக்கு அது தெரியாது.

ரோட்ஸ்டர் சின்னது. ஏறி உட்கார முடியாது,
செருப்பு மாதிரி மாட்டிக்கொள்ள வேண்டும்.
கெடிலம் தாண்டுவதற்குள்
கருவாட்டு வாசம் கேட்காமல் பக்கத்தில் ஏறிக்கொண்டது.
மஞ்சக்குப்பம் சிக்னலில்
பஸ் ஜன்னல்காரி ஒருத்தி
என் வகிட்டை, சாயம் விட்டுப்போன இடத்தை,
பச்சை விழும்வரை படித்தாள்.
நான் பாடிக்கொண்டிருந்தேன் என்பது
அப்போதுதான் உறைத்தது.

முள்ளோடையில் எதிர்ப்பக்கம்
பாட்டில் தேடிக்கொண்டிருந்த ஏட்டு
நிமிர்ந்து சிரித்தார்:
"மூடி எங்கம்மா?"

கிருமாம்பாக்கம் வந்தது.
மூன்றாம் கியர் போட்டுக் காது கொடுத்தேன்.
காற்று. யாரோ யாரையோ திட்டுவது. ஒரு ஆடு.
தவளக்குப்பம் வரை தொண்டை அடைத்தது,
இந்த முறை எனக்கு.

அரியாங்குப்பம் பாலம் ஏறியபோது
பழக்கத்தில் கை மேலே போனது.
தட்ட ஒன்றுமில்லை.
எதிரே வந்த மணல் லாரிக்காரன்
யாரென்று தெரியாமலே
பதிலுக்குக் கையசைத்துவிட்டுப் போனான்.