டர்போ

பெண்டிகோவில் பெருங்குப்பை வாரம்.
கிழிந்த மெத்தைக்கும் பார்பிக்யூ அடுப்புக்கும் நடுவே
குப்புறக் கிடந்தது ஒரு 486.
குழந்தை சீட்டைக் கழற்றிவிட்டு
அதை உட்காரவைத்தேன்.
பெல்ட்டும் போட்டேன்.

மதர்போர்டில் பேட்டரி கக்கியிருந்தது,
பச்சைப் பூசணமாய்.
வினிகர் தொட்டுத் தேய்த்தேன்.
பிரஷ் மகிழ்நனுடையது,
இன்னும் சொல்லவில்லை.

பழுப்பேறிய பெட்டிக்கு
முடி வெளுக்கும் க்ரீம் பூசி
பிளாஸ்டிக் தாள் சுற்றி
வெயிலில் கிடத்தினேன்.
வேலிக்கு மேல் எட்டிப் பார்த்த கிளெனிஸ்
"ஆட்டுக்கறியா?" என்றாள்.

நாலாம் நாள் இரவு ஒரு பீப்.
ஒன்றுதான்.
ஒன்றென்றால் சுகம்.
என்ன தேதி என்றேன்.
1980 ஜனவரி 1 என்றது
கூசாமல்.
நான் பிறக்கவே ஆறு வருஷம் இருக்கிறது.

விளையாட்டைத் திறந்தால்
கப்பல் கிளம்புமுன்பே வெடிக்கிறது.
மறுபடியும்.
கண் எட்டுவதற்குள் மூன்று உயிரும் போயாயிற்று.

முகப்பில் ஒரு பொத்தான், டர்போ என்று பெயர்.
இவன் வயரிங்கில்
அழுத்தினால் வேகம் குறையும்.

அழுத்தினேன்.
கடைசி இலைக்கு வரும் பாயசம்போல
விண்கற்கள்
ஒவ்வொன்றாய்
இறங்கின.

ஆறரைக்கு ஆஸ்பத்திரி டியூட்டி.
அதுவரை
அந்தப் பொத்தானை
மறுபடி தொடவேயில்லை.