மேல் வரிசையில் ஒரு புள்ளி

டாக்டரை அடக்கம் செய்து ஐந்து வாரம்.
கையுறை போட்ட ஆள் சிகாகோவிலிருந்து வந்திருந்தான்.
சுவரிலிருந்து இறக்கி
என் மேசைமேல் கிடத்தினான் ராக்ஸி மெர்லோவை.
அப்பாயின்ட்மென்ட் புத்தகத்தை நானே நகர்த்திக் கொடுத்தேன்.

நான்கு நிறம், நான்கு திரை.
மஞ்சள் முடி, ரோஸ் முகம்,
இமைக்கு மட்டும் மயில்நீலம்,
கடைசியில் இறங்கிய கறுப்பு கொஞ்சம் விலகிப்போய்
உதடு ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம்.
ஓரத்தில் பென்சிலில்: இருநூற்றைம்பதில் அறுபத்தொன்று.
மிச்சப் பேர் எந்தெந்த மாளிகையில் சிரிக்கிறார்களோ,
பல் ஆஸ்பத்திரியில் வந்து மாட்டிக்கொண்டவள்
இவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

நோர்பர்ட் வோய்ச்சிக் வேண்டுமென்றே மாட்டினார்.
முப்பத்திரண்டும் தெரிய அவள் சிரிக்க
எதிரே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மில்வாக்கி:
பீர் ஆலைக்காரர்கள், பஸ் ஓட்டுநர்கள், ஒருமுறை ஒரு கன்னியாஸ்திரி.
டிவியில் அவள் வாயைத் திறந்தால் ஊரே அடங்கும்.
இங்கே
செல்லாக்காசு.

ஆள் குறைகளைச் சொல்லச் சொல்ல
டாக்டரின் தங்கை மகன் எழுதிக்கொண்டான்.
இடப்பக்கம் வெயிலில் வெளுத்திருக்கிறது.
ஆமாம், பிப்ரவரியில் இரண்டரை மணிக்கு வரும்,
அவள் கன்னத்தில் உட்காரும்,
நான் காப்பி குடித்து முடிப்பதற்குள் போய்விடும்.
பின்புறம் ஒட்டுநாடாக் கறை.
மேல் வரிசை, இடமிருந்து மூன்றாவது பல்லில்
நீலப் பேனாப் புள்ளி.
யாரோ விஷமி, என்றான்.
அதற்கு மட்டும் ஒன்பதாயிரம் டாலர் குறையும்.

லைல் க்ரூகருக்கு அப்போது ஏழு வயது.
பனி பூட்ஸோடு நாற்காலிக்கடியில் புகுந்துகொண்டு
வர மாட்டேன் என்றான்.
அவன் அம்மா அழுதுவிடுவாள் போலிருந்தது.
படத்துக்குக் கண்ணாடி போடாத காலம்.
எழுந்து போய்ப் பேனாவைத் திறந்து
வைத்தேன் ஒன்று.
பார்டா, இவளுக்கும் சொத்தை.
தலையை மட்டும் நீட்டினான்.
அப்புறம் ஏன் சிரிக்கிறாள்?
ஊசி போட்டாச்சு, அதான்.

உள்ளே போனான்.
டாக்டர் மறுநாள் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.
வெள்ளிக்கிழமை படத்துக்குக் கண்ணாடி வந்தது,
புள்ளியையும் சேர்த்து.

யார் வேலை தெரியுமா, மிஸஸ் ஹாலெக்?
தெரியாதே, என்றேன், எத்தனை பேர் வந்துபோன இடம்.
கையுறைக்காரன் பரவாயில்லை என்று சிரித்தான்.
கீழ் வரிசை, வலது ஓரம்,
நன்றாகவே கறுத்திருக்கிறது.

புத்தகம் கைக்கு வந்துவிட்டது.
முழுக்க வெறும் பக்கங்கள்.
செவ்வாய் பத்தரைக்கு வர முடியுமா என்று
கேட்க வாயெடுத்தேன்.