பன்னிரண்டு பவுண்டு

மடவாஸ்காவில் ஆறு உறைந்துவிட்டது.
அக்கரை கனடா. அங்கேயும் இதே குளிர்தான்,
வேறு எண்ணில் சொல்வார்கள், அவ்வளவே.

கிளோதில்ட் ஒவெலெட் நிலவறைக்கு வழிகாட்டினாள்,
கையில் ரேடியேட்டர் சாவி.
"பத்து வருஷமாக ஏப்ரனிலேயே கிடக்கிறது.
மாடி அறையில் ராத்திரி முழுக்கக் களகளவென்று சத்தம்.
திறந்தால் காற்று. மூடினால் மறுநாள் மறுபடி காற்று.
செய்தவன் கை விளங்காமல் போக."

டார்ச்சை அடித்தேன்.
முதல் ஐந்து நிமிடம் எதையும் தொடக் கூடாது.
தொட்டுவிட்டால் பிறகு தெரிவதெல்லாம் நம் கைதான்.

பாய்லர் சுத்தம்.
பாதுகாப்பு வால்வின் வடிகுழாய்
தரைக்கு ஆறு அங்குலம் மேலே நின்றது.
நுனியில் மரை இல்லை.
மரை இருந்தால் என்றாவது ஒருவன்
ஒழுகுகிறதே என்று மூடி திருகுவான்,
அன்றிலிருந்து வீட்டுக்கடியில் ஒரு வெடிகுண்டு.
யாரோ அதை யோசித்து வெட்டியிருக்கிறார்கள்.
பம்பில் ஓர் அட்டை தொங்கியது. பென்சிலில்
தேதி, அழுத்தம் பன்னிரண்டு பவுண்டு, ஆர். கோத்ரோ.
எண்ணெய்க் கம்பெனி கோத்ரோ.
இப்போது ஃப்ளோரிடாவில் மீன் பிடிக்கிறாராம்.

"அவன்தான்," என்றாள். "கடைசியாக வந்தவன் அவன்தான்."

கடைசியாக வந்தவன் தலையில் போடுவது
எங்கள் தொழிலின் அரிச்சுவடி.
கூலி பேசும் முன்பே
முந்தியவனைத் திட்டிவிட வேண்டும்.
நானும் திட்டியிருக்கிறேன்: பெயர் தெரியாதவர்களை,
செத்தவர்களை, ஒருமுறை என் சொந்தச் சித்தப்பாவை.

குழாயின் பின்னால் போனேன்.
வெந்நீர் கிளம்பும் வழி,
ஆறித் திரும்பும் வழி,
அங்கே பம்ப்,
பம்புக்கு அப்புறம் விரிவுத் தொட்டி.
அப்புறம்.
முன்னால் அல்லவா இருக்க வேண்டும்.

தொட்டி சேரும் இடத்தில் அழுத்தம் அசையாது.
பம்ப் கூட்டுவதும் குறைப்பதும்
அந்த இடத்தைக் கேட்டுத்தான்.
வீட்டுக்குள் தள்ள வேண்டியது இங்கே உறிஞ்சுகிறது.
மாடி ரேடியேட்டரின் மூக்கு வழியாக
ஒவ்வொரு இரவும் வீடு
ஒரு மடக்குக் காற்றைக் குடித்திருக்கிறது.

செம்பு மூட்டுகளைப் பார்த்தேன்.
பற்றாசு வழிந்து ஒவ்வொன்றின் கீழும் ஒரு சொட்டு,
துடைப்பில் தப்பிய ஒற்றைச் சொட்டு, எப்போதும் வலப்பக்கம்.
இடக்கையால் துடைத்தால் அப்படித்தான் விட்டுப்போகும்.
இந்தப் பள்ளத்தாக்கில் இடக்கையால் குழாய் ஒட்டுபவள்
எனக்குத் தெரிந்து ஒருத்திதான்.

உரிமம் வாங்கிய இரண்டாம் வருஷம்.
பின்வாசல் வழியே இறங்கி, பின்வாசல் வழியே ஏறியிருப்பேன்.
வீட்டின் முகத்தைப் பார்த்ததில்லை.

மேலே காபி கொதிக்கும் வாசனை.
சொல்லாமல் விடலாம்.
கோத்ரோ தூண்டிலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.
மூன்று மணி நேரக் கூலி, ஒரு காற்றுப் பிரிப்பான்;
அவள் நன்றிகூடச் சொல்வாள்.
உரிமத் தேர்வில் இந்தக் கேள்வி வந்ததில்லை.

"கோத்ரோ செய்ததெல்லாம் சரி," என்றேன்.
"தப்பு என்னுடையது. இதைப் போட்டது நான்."

படியின் பாதியில் நின்றாள்.
"பத்து வருஷம்."
"ஆமாம்."
"லியோ இருமுகிறார் என்று எழுந்து போய்ப் பார்ப்பேன்.
அவர் போன பிறகும் எழுந்தேன், தெரியுமா."

அதற்கு என்னிடம் எந்தக் கருவியும் இல்லை.
நீரை வடித்தேன். அறுத்தேன். தொட்டியை இடம் மாற்றினேன்.
ஒவ்வொரு மூட்டையும் சுற்றித் துடைத்தேன்.
மதியம் நிரப்பினேன், முள் பன்னிரண்டில் நின்றது.
பம்பை ஓடவிட்டேன்.
முள் அசையவில்லை.

அட்டையில் கோத்ரோவுக்கு மேலே ஒரு வரி காலியாக இருந்தது,
அன்று நான் எழுதியிருக்க வேண்டிய வரி.
அதில் என் பெயர். அவருக்குக் கீழே மறுபடி என் பெயர்,
இன்றைய தேதி.

பில்லில் பூஜ்யம் போட்டேன்.
அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை,
நன்றியும் சொல்லவில்லை.
ரேடியேட்டர் சாவியைத் திரும்ப ஏப்ரனில் போட்டுக்கொண்டாள்.
"ராத்திரி பார்க்கலாம்," என்றாள்.

வண்டியைச் சூடாக்க விட்டு உட்கார்ந்திருந்தேன்.
அந்த வருஷம் வாரத்துக்கு இரண்டு வீடு.
பனிக்காலம் முழுக்க.