இருபது சென்டிமீட்டர்

கிளவுஸ்டாலில் அக்டோபர்ப் பனி
கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போகும்.
நவம்பரில் தட்டுவதில்லை.

எரிவாயுக் கட்டணம் வந்தபின்
குகநேசன் இரண்டு நாள் பேசவில்லை.
மூன்றாம் நாள் வார்ப்பிரும்பு அடுப்பொன்று
லாரியில் வந்து இறங்கியது.
நூற்றுநாற்பது கிலோ.
மூவர் சுமக்க, ஒருவர் வழி சொல்லப்
படியேறியது.
வழி சொன்னவர் என் வீட்டுக்காரர்.

கையேட்டை அவரே படித்தார்.
மரச்சுவரைத் துளைத்தார்.
அதன் பின்னாலிருந்த பழைய செங்கல் புகைபோக்கியில்
குழாயைச் செருகினார்.
ஒரு கையெழுத்துத்தான் பாக்கி என்று
அண்ணனுக்குப் படம் அனுப்பினார்.

கையெழுத்துப் போட வந்தவர்
கறுப்புச் சட்டை, பொன்னிறப் பொத்தான்கள்,
வீப்கே ஹில்லெப்ரெஷ்ட்.
வட்டாரத்துப் புகைபோக்கிகள் எல்லாம் அவர் கணக்கில்.
அவரைத் தொட்டால் அதிர்ஷ்டமாம்,
எதிர்வீட்டுக்காரர் செருப்போடு ஓடிவந்து
தோளில் கை வைத்துவிட்டுப் போனார்.
விறகுக்கட்டு எதிர்ப்பட்டால்
பயணத்தையே ஒத்திப்போடும் வீட்டில் பிறந்தவள் நான்.
சிரிப்பை அடக்கிக்கொண்டு காப்பி ஊற்றினேன்.

கூரைமேல் நின்று
கயிற்றில் ஒரு கேமராவை இறக்கினார்.
சிறு காக்கையின் கூடு.
இரண்டு வாளி குச்சி,
ஒரு முழம் கிறிஸ்துமஸ் விளக்குக் கம்பி.
"இதோடு பற்றவைத்திருந்தால்?" என்றேன்.
"தூங்கியிருப்பீர்கள்" என்றார்.
வேறொன்றும் சொல்லவில்லை.

நெருப்பில்லாமல் புகையாது என்று
சொல்லிச் சொல்லி வளர்ந்த வாய்.
புகையாமலே வருகிற ஒன்று இருக்கிறது,
மணமில்லை, நிறமில்லை,
அதற்கொரு பழமொழி எனக்குத் தெரியாது.

பிறகு அளவுநாடாவை இழுத்தார்.
குழாய்க்கும் மரத்துக்கும் இடையே
ஏழு.
"இருபது வேண்டும்."
"பதிமூன்றுதானே குறைகிறது"
மீன்சந்தைக் குரலில் குகநேசன்.
அவர் பதில் சொல்லாமல்
சிறு கடப்பாரையால் பலகை ஒன்றை நெம்பினார்.

உத்தரத்தின் ஒரு பக்கம் கரி.
கையகலம்,
வற்றிய குளத்துத் தரைபோல் வெடித்துக் கட்டங்கட்டமாய்.
எங்களுக்கு முன்பு, விற்றவர்களுக்கும் முன்பு,
யாரோ குளிர்காய்ந்த ஏதோ ஒரு மாரியில்
இந்த வீடு எரியத் தொடங்கியிருக்கிறது,
தொடங்கி நின்றிருக்கிறது.
நின்ற இடத்தின்மேல் பலகை அடித்து
வெள்ளை பூசியிருக்கிறார்கள்.
அறிந்தா, அறியாமலா.
நான்கு வருடமாய் அந்தச் சுவரில்
முதுகு சாய்த்துத்தான்
நான் அக்காவோடு போனில் பேசுவது.

"சூட்டில் கிடந்து கிடந்து மரம் மாறிவிடும்.
அப்புறம் கொஞ்சச் சூடே போதும்."
கரியில் ஒரு விரலைத் தேய்த்துப் பார்த்தார்.
"இன்று கையெழுத்து இல்லை."

ஐந்து வாரம்.
சுவரை அகலமாய் வெட்டினார்கள்.
கருகிய துண்டை அறுத்தெடுத்து இரும்பு கொடுத்தார்கள்.
குழாயைச் சுற்றிக் கல்நார் இல்லாத கம்பளி,
அதன்மேல் எரியாத பலகை.
நாங்கள் ஒரே அறையில், மின்சூடாக்கியின் முன்,
கோபமாக இருக்கக்கூட நெருங்கி உட்கார வேண்டியிருந்தது.
இரவில் எழுந்துபோய்
அவர் அளந்து பார்ப்பது கேட்கும்,
நாடா சுருளும் சத்தம்.

ஜனவரி ஒன்பது. கையெழுத்து வந்தது.
பீச் மரக் கட்டைகள், ஈரம் பதினேழு சதவீதம்.
முதல் தீயில் அடுப்பின் சாயம் வேகும்,
சன்னல்களைத் திறந்து வையுங்கள் என்றது கையேடு.
திறந்து வைத்தோம். வெளியே மைனஸ் எட்டு.
கோட்டும் தொப்பியுமாய்
எரிகிற அடுப்பின் முன் நடுங்கிக்கொண்டு இருவர்.
அலமாரிமேல் நச்சுவாயு அலாரத்தின் பச்சைப் புள்ளி
இமைத்தது, இமைத்தது.
தெருவில் எதிர்வீட்டுக்காரர் நின்று
எங்கள் கூரையைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார்.

அறுத்தெடுத்த துண்டு கொட்டகையில் கிடக்கிறது.
விறகாக்கலாம் என்றார் குகநேசன்.
நான் விடவில்லை.
அது ஏன் நின்றது என்று
எனக்கு இன்னும் தெரியவில்லை.