காலில் கிடந்தது

மகபூப்பாளையத்தில் அந்த வீட்டு மாடிக்குப் படி கிடையாது,
இரும்பு ஏணிதான்.
ஆறு பேனல். ஒவ்வொன்றும் இருபத்தெட்டு கிலோ.
எபினேசர் கீழிருந்து தள்ள, நான் மேலிருந்து வாங்கினேன்.
காலை ஒன்பதுக்கே தளம்
செருப்பைத் தாண்டிக் கடித்தது.

அட்டைப்பெட்டியில் வாயில் நுழையாத சீனத்து ஊர்.
அதன்மேல் தூத்துக்குடித் துறைமுகத்து முத்திரை.
அதற்கும் மேலே, சிவப்பு ஸ்கெட்ச் பேனாவில்
எங்கள் குடோன் பையன் எழுதியது:
மாவுக்கடை அக்கா.

மெகருன்னிசா ஈரக்கையோடு ஏறி வந்தார்.
கீழே மூன்று கிரைண்டர்;
நின்ற இடத்தில் தளமே லேசாக உளுந்து அரைத்தது.

"எது வெயிலப் பிடிக்கும்?
இந்தக் கறுப்பா, இந்தக் கோடா?"

கறுப்பு சிலிக்கான், மணலிலிருந்து வருவது.
வெயில் பட்டதும் அதற்குள் ஏதோ கிளம்பும்.
கிளம்பியது போக வழி வேண்டும், அதுதான் கோடு.
பட்டையாகத் தெரிவது ஈயம் பூசிய செம்பு.
அதற்குக் குறுக்கே, முடியைவிட மெல்லிசாக,
உற்றுப் பார்த்தால் தெரிகிறதே, அது வெள்ளி.

எல்லா வீட்டிலும் இதைச் சொல்வேன்.
"அப்படியா" என்பார்கள்,
வாரண்டி எத்தனை வருஷம் என்பார்கள்.
இவர் குந்தி உட்கார்ந்துவிட்டார்.

"வெள்ளியா?"

போன மாதம் தெற்காவணி மூல வீதியில்
ரெண்டு ஜோடிக் கொலுசைத் தராசில் வைத்தாராம்.
ஒன்று அவருடையது. மற்றது மகளுடையது,
"முத்து கொட்டிப்போச்சு, அவ போடுறதில்ல."
லோனுக்கு முன்பணம் கட்ட அதுதான் இருந்தது.
கடைக்காரர் கால்குலேட்டரைத் திருப்பிக் காட்டி
"நல்ல நேரத்துல கொண்டாந்தீங்கம்மா,
வெள்ளி ஏறிக்கிட்டே இருக்கு,
உலகம் பூரா சோலார் போடுறான்ல" என்றாராம்.

அவர் சொன்னதில் தப்பில்லை.
நான் வேலைக்குச் சேர்ந்த வருஷத்து பேனல் விலையை
இப்போது சொன்னால் சிரிப்பார்கள்.
எங்கேயோ பாலைவனத்தில் மைல்கணக்கில் விரிக்கிறார்கள்,
எங்கேயோ ஒரு திரையில் எண் நடுங்குகிறது,
அந்த நடுக்கத்தில் ஆயிரத்து நானூறு ரூபாய் கூடுதலாக
ஒரு மாவுக்கடைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

"அப்ப இது என் கொலுசா இருக்குமோ?"

இருக்காது அக்கா.
இந்தப் பெட்டி கப்பலேறியபோது
அது உங்கள் காலில் நடந்துகொண்டிருந்தது.
இனிமேல்தான் உருகி, பொடியாகி, பசையாகி
யார் மாடிக்கோ போகும்.
சொல்ல வாயெடுத்து,
ஸ்பேனரைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.
எபினேசர்தான், ஏணியின் பாதியில் நின்று,
"இருக்கலாம்க்கா" என்றான்.

சிரித்தார். நம்பிச் சிரித்ததாகத் தெரியவில்லை.
"பாரு, கால்ல கெடந்தது
தலைக்கு மேல ஏறி உக்காந்துக்கிச்சு.
கடன் மட்டுந்தான் தலைக்கு மேல போகும்னு நெனச்சேன்."

தெற்கே பார்த்து, பத்து டிகிரி சாய்த்து,
போல்ட்டை இறுக்கி முடிக்க நாலு மணி.
அப்போதுதான் பக்கத்து வீட்டு சின்டெக்ஸ் டேங்கின் நிழல்
ஆறாவது பேனலின் மூலையில் வந்து உட்கார்ந்தது.
ஒரு மூலை இருண்டால் மொத்த வரிசையும் சுணங்கும்.
சொன்னேன்.
கைப்பிடிச் சுவரில் சாய்ந்து
"ஏ புனிதா, ஒங்க டேங்க்க நகத்தணும்டி" என்றார்.
அந்தப் பேச்சு இருட்டும்வரை போனது.
வாரம் ரெண்டு கிலோ மாவு, டேங்க் நகரும்.
என் எஸ்டிமேட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

ஒயரைச் சுருட்டி இறங்கும்போது கேட்டார்:
"தூசி படிஞ்சா எதப் போட்டுத் தேய்க்க?
கொலுசுக்குப் பல்பொடி போடுவேன்."

வேண்டாம்க்கா, கீறல் விழும்.
வெறும் தண்ணி.
காலையில, சூடேறுறதுக்கு முன்னாடி.