புள்ளடி

என் நெஞ்சுக்குள் ஓர் உலோகக் கதவு.
கொழும்பில் வைத்தார்கள், ஆறு வருடமாகிறது.
தையல் மெஷினை நிறுத்தினால் கேட்கும்:
டிக்.
அளவு கொடுக்க வரும் பிள்ளைகள்
சுவரில் மணிக்கூடு தேடுவார்கள்.

தங்கச்சி பேர்ணிலிருந்து பொறுப்புக் கடிதம் அனுப்பிவிட்டாள்,
முத்திரையோடு.
பத்தொன்பது வருடம். மூன்று மாதம் நில் அக்கா என்றாள்.
விசாவுக்கு இன்னும் ஒரு தாள்தான் குறை:
போன இடத்தில் நோய் வந்தால்
முப்பதாயிரம் யூரோ வரை நான் பார்க்கிறேன் என்று
யாராவது எழுதித் தர வேண்டும்.

கொக்கட்டிச்சோலையிலிருந்து மண்முனைப் பாலம் தாண்டி
ஏழு தரம் வந்துபோனேன் மட்டக்களப்புக்கு.
ஒரு கந்தோரில் வயதைக் கேட்டுச் சிரித்தார்கள், நல்ல வயதாம்.
மருந்துக் கொப்பியை நீட்டினேன்,
சிரிப்பை மடித்து லாச்சிக்குள் வைத்தார்கள்.
இன்னொன்றில் கொழும்புக்கு மெயில் போட்டிருக்கு என்றார்கள்.
பதில் வந்தது, விமான டிக்கட்டைவிடப் பெரிய தொகையில்.
மூன்றாவது கொம்பனி மலிவு. எல்லாவற்றையும் காப்பார்கள்:
பல் வலித்தால், கால் முறிந்தால், பெட்டி தொலைந்தால்.
செத்தால் பெட்டியில் போட்டு அனுப்பவும் காசு உண்டு,
நெஞ்சால் சாகாமல் இருந்தால்.

திருமலை வீதியில், பேக்கரிக்கு மேல்மாடியில் அபிசாந்.
நல்ல பொடியன். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னான்:
"அன்ரி, இந்தப் பெட்டிக்குள்ள, 'இல்லை'யில ஒரு புள்ளடி.
பதினோராயிரத்தோட முடிஞ்சிரும்.
விசாக்காரனுக்குத் தாள்தான் தேவை.
உங்கட நெஞ்சை ஆர் திறந்து பாக்கப்போறான்?"

ஏற்கெனவே ஒருத்தர் திறந்து பாத்தவர், தம்பி.

பேனாவை எடுத்தேன்.
எந்தத் தேர்தலிலும் இவ்வளவு நேரம் நின்றதில்லை.
ஒரு குருவியின் கால் தடம், அவ்வளவுதான்.
அதில் ஏறிப் பறந்துவிடலாம்.
ஆனால் அங்கே பனியில் நான் விழுந்து
ஆஸ்பத்திரியில் சட்டையைத் திறந்தால்
ஒரு சாண் நீளத் தழும்பு
'ஆம்' என்று எழுதிக் கிடக்கும்.
பில் தங்கச்சி வீட்டுக்குப் போகும்,
முதியோர் விடுதியில் நிலம் துடைத்து
அவள் சேர்த்ததைத் தேடி.

அந்நேரம் பார்த்துக் கரண்ட் போனது.
காற்றாடி நின்றது. கீழே மா பிசையும் மெஷினும்.
டிக். டிக்.
அபிசாந் தன் மணிக்கட்டைப் பார்த்தான்,
அதில் ஒன்றும் கட்டியிருக்கவில்லை.
பிறகு என்னைப் பார்த்தான்.
"சரி அன்ரி, 'ஆம்' எண்டே போடுவம்.
நாளைக் குறைச்சுப் பாப்பம்."

போன் வெளிச்சத்தில் கணக்குப் போட்டான்.
தொண்ணூறு நாள். அறுபது. முப்பது, அதுவும் எட்டாது.
குறைத் துணியில் சட்டை வெட்டுவதுபோல்
கை நீளத்தைக் குறைத்து, கழுத்துப் பட்டியை விட்டு,
பதினொன்றில் வந்து நின்றது:
கிளினிக் டொக்டரின் கடிதம் இருந்தால்
அறுபத்தாறாயிரம்.
ஒரு நாள் ஆறாயிரம். எனக்குப் பன்னிரண்டு பள்ளிச் சட்டை.
நித்திரை கொள்ளும் நேரத்துக்கும் சேர்த்துத்தான்.

பஸ்ஸில் இருந்து தங்கச்சிக்கு வொயிஸ் போட்டேன்:
பதினொரு நாள்தான். உன்னை நித்திரை கொள்ள விடமாட்டன்,
இப்பவே சொல்லிப்போட்டன்.

பாலத்தில் ஏறும்போது பதில் வந்தது.
அழுகிறாளா சிரிக்கிறாளா, வாவிக் காற்றில் பிடிபடவில்லை.
"வா அக்கா. தமிழ்க் கடையில பொன்னாங்கண்ணி வருது இப்ப.
ஒவ்வொரு நாளும் சுண்டித் தாறன்."

கீரை எனக்கு அளவோடுதான். மருந்துக்கு ஒத்துவராது, இரத்தம் தடிக்கும்.
கொப்பியின் முதல் பக்கத்திலேயே கிடக்கிறது.
கொழும்பில் முகம் தெரியாத கொம்பனிக்காரனுக்கும் தெரியும்.
அவளுக்குத் தெரியாது.

வந்து சொல்லுறன் எண்டு அனுப்பினேன்.
அதற்கே ஒரு நாள் போய்விடும்.