இரு வீட்டு லைன்

அவர்கள் ஊரில் எல்லாம் ஒரே சொல்: லைன்.
நாம் கொடி என்போம், கோடு என்போம்,
வரி, வரிசை, தூண்டில் நரம்பு, குலம் என்று
ஒவ்வொன்றுக்கும் தனிப் பாய் விரிப்போம்.
நார்த் ஷீல்ட்ஸ்காரர்கள் அத்தனையையும்
ஒரே ஆணியில் மாட்டுகிறார்கள்.

எனிட் வீட்டுப் பின்சுவரிலிருந்து
தங்கை வின்னி வீட்டுப் பின்சுவர் வரை
சந்துக்குக் குறுக்கே ஒரு லைன்.
இரண்டு கப்பி, பச்சை நைலான்.
அவர்கள் அப்பா காட் மீன் பிடித்த படகிலிருந்து
கேட்காமல் வெட்டி வந்தது.
திங்கள் எனிட், செவ்வாய் வின்னி.
நிலக்கரி வண்டி நுழைந்தால்
யாராவது ஒருத்தி ஓடிவந்து
கழியால் அதைத் தூக்கிப் பிடிக்க வேண்டும்.
இல்லையென்றால் வண்டிக்கார ஆஸ்வால்ட்
யாருடைய உள்பாவாடையையோ தலையில் சூடிக்கொண்டு
மீன்சந்தை வரை போவான்.
போயிருக்கிறான், ஒருமுறை.

டெலிபோனும் அப்படித்தான்.
சிக்கனத்துக்காக இரு வீட்டுக்கும் ஒரே லைன்.
வின்னி எடுத்தால் உள்ளே அக்கா பேசிக்கொண்டிருப்பாள்.
"வை கீழே. காது நீண்டுபோச்சு உனக்கு."

பிப்ரவரியில் மீன் ஆலைப் பெண்கள்
மணிக்கு நான்கு பென்ஸ் கூடக் கேட்டு
வாசலை மறித்து நின்றார்கள்.
அதுவும் லைன்தான்.
தகர டிரம்மில் பலகை எரித்து, முழங்கைகள் கோத்து,
கயிறே இல்லாமல் கட்டியது.
பதினோராம் நாள் காலை ஆறு மணிக்கு
வின்னி தலையில் துணி கட்டிக்கொண்டு
அதைத் தாண்டி உள்ளே போனாள்.
பையன் காலில் இரும்புச் சட்டம்.
வாடகை மூன்று வாரம் பாக்கி.
எனிட்டுக்கு இரண்டும் தெரியும்.
தெரிந்தும், எல்லாரையும்விடச் சத்தமாக
அந்த வார்த்தையைக் கத்தியவள் அவள்தான்.
அதை இங்கே எழுத மாட்டேன்.

ஆலை இரண்டு பென்ஸ் கொடுத்தது.
எல்லாருக்கும். வின்னிக்கும்.
பேச்சு நின்றது.

ஆனால் லைனை என்ன செய்வது?
ஒரு முனையை அவிழ்த்தால்
இருவர் துணியும் சகதியில் கிடக்கும்.
இருவருமே ஒருநாள் கத்தியோடு வந்து
நின்றுவிட்டுப் போயிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.
திங்கள் எனிட், செவ்வாய் வின்னி.
கப்பி கிறீச்சிடும்.
எதிர்வீட்டில் எத்தனை விரிப்பு நனைந்தது,
எந்தச் சட்டைக்குக் காலரைத் திருப்பித் தைத்திருக்கிறது,
யார் இளைத்துவிட்டார்கள்:
வாசிக்கத் தெரிந்தவளுக்கு அதுவும் வரிதான்.

மே மாதம் ஒரு செவ்வாய்
லைன் வெறுமனே கிடந்தது.
புதனும்.
எனிட் டெலிபோனை எடுத்தாள்,
யாரையும் கூப்பிட அல்ல.
உள்ளே வின்னி. மருத்துவமனை. பையன் பெயர்.
"பார்த்துச் சொல்கிறேன், லைனில் இருங்கள்"
என்று ஒரு நர்ஸ் செருப்புச் சத்தத்தோடு விலகிப் போனாள்.
வின்னி இருந்தாள்.
எனிட்டும் இருந்தாள்,
பேசும் முனையை ஏப்ரனால் பொத்திக்கொண்டு.

கடிகாரம் எந்த வீட்டுடையது என்று தெரியவில்லை.
ஒன்றுதான் கேட்டது.

"நீ இருக்கறது தெரியும்" என்றாள் வின்னி.
"மூக்கை உறிஞ்சற."

முதலில் சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன்.
துணி காய்வதும் கொடி,
போராட்டத்தில் உயர்த்திப் பிடிப்பதும் கொடி,
பிள்ளையோடு வெளியே வந்து
கத்தரிக்கப்படுவதும் கொடி.
நம்மிடமும் ஓர் ஆணி இருக்கிறது.

சமாதானமா என்று கேட்காதீர்கள்.
அவர்கள் வேறு ஒன்றும் பேசவில்லை.
நர்ஸ் திரும்பி வந்து சொன்னதை
இரண்டு காதுகள் கேட்டன.

மாலையில் லைனில்
ஒரு சின்னப் பைஜாமா காய்ந்தது.
கிளிப்புகள் எனிட்டுடையவை.
நிலக்கரி வண்டி வந்தபோது
சந்தில் ஒருவரும் இல்லை.
ஆஸ்வால்ட் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு
நன்றாகக் குனிந்து
அடியில் போனான்.